ஏஐ-க்கு விதை போட்ட உளவியல் மாணவர்: ஃபிராங்க் ரோசன்பிளாட் யார்?

1958-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டிருந்தது. அவர்கள் பார்க்கப்போவது வானிலைத் துறையிடம் இருந்த ஐபிஎம் 704 கம்ப்யூட்டரை. விலை 20 லட்சம் டாலர். அதற்குள் அட்டைகளைச் செலுத்தினார்கள். சில அட்டைகளில் குறி இடது பக்கம் இருந்தது, சிலவற்றில் வலது பக்கம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று யாரும் அந்த இயந்திரத்துக்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை. 50 முயற்சிகளுக்குப் பிறகு அதுவே பிரித்துச் சொல்ல ஆரம்பித்தது.

முகத்தைப் பார்த்ததும் போன் திறந்துகொள்கிற காலத்தில் இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால், அதுவரை கம்ப்யூட்டர் என்றால் சொன்னதை மட்டும் செய்கிற இயந்திரம். இது சொல்லிக் கொடுக்காததைத் தானாகக் கற்றுக்கொண்டது. இந்த இயந்திரம் ஒருநாள் நடக்கும், பேசும், பார்க்கும், எழுதும், தன்னைப் போல இன்னொன்றை உருவாக்கும், தான் இருப்பதையே உணரும் என்று கடற்படை எதிர்பார்ப்பதாக நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஃபிராங்க் ரோசன்பிளாட். சில நாட்களில் 30 வயதைத் தொடவிருந்த இளைஞர். கம்ப்யூட்டர் இன்ஜினீயர்கூட இல்லை, உளவியலில் பிஎச்.டி. முடித்தவர். இன்று உலகம் பயன்படுத்துகிற ஏஐ-யின் அடித்தளத்தில் இவர் போட்ட கல் இருக்கிறது. அந்தக் கல்லின் மேல் கட்டடம் எழுந்ததைப் பார்க்கத்தான் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆய்வேட்டுக்காக ஒரு கம்ப்யூட்டர்

ரோசன்பிளாட் பிறந்தது 1928 ஜூலை 11-ல், நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷெல் நகரில். பள்ளிப்படிப்பு நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில். அதே பள்ளியில் அவருக்கு ஒரு வகுப்பு மேலே படித்த மாணவர் மார்வின் மின்ஸ்கி. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் மறுபடி வரும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1950-ல் பட்டம், 1956-ல் முனைவர் பட்டம். ஆய்வு, மனிதர்களின் ஆளுமையை எண்களால் அளப்பது பற்றியது. 200-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் 600 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கினார். ஒவ்வொருவரின் பதில்களையும் மற்றவர்களின் பதில்களோடு ஒப்பிட வேண்டும். கையால் கணக்குப் போட்டால் ஆயுசு போதாது.

வேறு யாராக இருந்தாலும் கேள்விகளைக் குறைத்திருப்பார்கள். ரோசன்பிளாட் அந்த வேலைக்கென்றே ஒரு மின்னணுக் கணக்கிடும் இயந்திரத்தைக் கட்டிவிட்டார். ஈபேக் என்று அதற்குப் பெயர். ஆராய்ச்சி செய்ய வேண்டிய கேள்வி உளவியலில் இருந்தது, விடை இன்ஜினீயரிங்கில் இருந்தது. அவர் இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைசிவரை அவர் வேலை செய்த விதமே இதுதான்.

பெர்செப்ட்ரான் என்றால் என்ன?

படிப்பை முடித்ததும் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் விமானவியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதே அவரைத் துரத்திய கேள்வி. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அனுபவம் ஏற ஏற, சில இணைப்புகள் வலுவாகின்றன, சில தேய்கின்றன. இதையே இயந்திரத்தில் செய்து பார்த்தால்? 1957-ல் அவர் முன்வைத்த விடைதான் பெர்செப்ட்ரான்.

ஒரு எளிய உதாரணம். வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள். வாடகை குறைவா, தண்ணீர் வருமா, ஆபீஸ் பக்கமா என்று மூன்று விஷயம் பார்க்கிறீர்கள். மூன்றுக்கும் மனசுக்குள் ஒரு மதிப்பெண் இருக்கும். எல்லாம் கூட்டி, ஒரு அளவைத் தாண்டினால் அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். குடிபோன பிறகுதான் தெரிகிறது, தண்ணீர்ப் பிரச்சினை தாங்க முடியவில்லை என்று. அடுத்த முறை வீடு பார்க்கும்போது தண்ணீருக்கான மதிப்பெண்ணைக் கூட்டுவீர்கள், ஆபீஸ் தூரத்துக்கானதைக் கொஞ்சம் குறைப்பீர்கள்.

பெர்செப்ட்ரான் செய்வதும் இதேதான். உள்ளே வரும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எடை. எடை போட்டுக் கூட்டு. எல்லையைத் தாண்டினால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. விடை சரி என்றால் எதையும் தொடாதே. தப்பு என்றால் எடைகளைக் கொஞ்சம் திருத்து. மறுபடி முயற்சி செய். சரியான விடையைத் தரக்கூடிய எடைகள் என்று ஏதாவது இருந்தால், இந்த முறை அதைக் கண்டிப்பாகக் கண்டுபிடித்துவிடும் என்று கணித ரீதியாகவும் நிரூபிக்கப்பட்டது.

ஐபிஎம் கம்ப்யூட்டரில் ஓடியது ஒரு ஒத்திகைதான். நிஜ இயந்திரம் மார்க் 1 பெர்செப்ட்ரான், 1960 ஜூனில் பொதுவில் காட்டப்பட்டது. அதன் கண், 20-க்கு 20 என்று அடுக்கிய 400 ஒளி உணரிகள். அவற்றிலிருந்து 512 செயற்கை நரம்பணுக்களுக்குத் தாறுமாறாக ஒயர்கள் போயின. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். மூளைக்குள் யாரும் திட்டம் போட்டு ஒயரிங் செய்வதில்லையே. எடைகள் என்பவை, பழைய ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதுமாதிரிக் குமிழ்கள். இயந்திரம் தப்பு செய்தால் சின்னச் சின்ன மோட்டார்கள் அந்தக் குமிழ்களைத் திருகும். கற்றுக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம்.

எதிர்பார்ப்பு ஏறியது, எதிர்ப்பும் ஏறியது

செய்தித்தாள்கள் கொண்டாடின. சக விஞ்ஞானிகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. இடது, வலது பிரிக்கிற இயந்திரத்துக்கு உணர்வு வரும் என்று பேசுவது அவர்களுக்கு ஜாலவித்தையாகத் தெரிந்தது. ஆராய்ச்சிப் பணமும் ஒரு காரணம். இராணுவ அமைப்புகள் தரும் நிதிக்கு ஏஐ-யில் இரண்டு முகாம்கள் போட்டி போட்டன. அறிவு என்பது விதிகளும் தர்க்கமும்தான், அதை நேரடியாக நிரலாக எழுதிவிடலாம் என்றது ஒரு முகாம். இல்லை, மூளையைப் போல இணைப்புகளிலிருந்து கற்க வேண்டும் என்றது ரோசன்பிளாட்டின் முகாம்.

முதல் முகாமின் பெரிய முகமாக மாறியிருந்தவர், அதே பள்ளித் தோழர் மின்ஸ்கி. இதில் ஒரு முரண் உண்டு. பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1951-லேயே செயற்கை நரம்பணுக்களால் ஆன ஒரு கற்கும் இயந்திரத்தைக் கட்டியவர் மின்ஸ்கி. முனைவர் பட்ட ஆய்வும் நரம்பு வலைகள் பற்றியதே. உள்ளே இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என்பதால் அவர் விமர்சனத்துக்குக் கனம் அதிகம்.

மாடிப்படி விளக்குச் சிக்கல்

1969-ல் மின்ஸ்கியும் சீமோர் பாப்பர்ட்டும் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தலைப்பே பெர்செப்ட்ரான்ஸ். திட்டித் தீர்க்கும் புத்தகம் இல்லை, கறாரான கணிதம். ஒற்றை அடுக்கு பெர்செப்ட்ரானால் எதெல்லாம் முடியாது என்று அது நிரூபித்தது.

பல வீடுகளில் மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்ச் இருக்கும், கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் போட்டால் விளக்கு எரியும். இரண்டையும் போட்டால் அணைந்துவிடும். இந்த விதியை ஒற்றை அடுக்கு பெர்செப்ட்ரானால் கற்றுக்கொள்ளவே முடியாது. கீழ் சுவிட்சின் எடை மட்டுமே எல்லையைத் தாண்ட வேண்டும், மேல் சுவிட்சின் எடை மட்டுமே எல்லையைத் தாண்ட வேண்டும். அப்போ இரண்டையும் கூட்டினால் இன்னும் அதிகமாகத்தானே தாண்டும்? அணைய வேண்டிய நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

நடுவில் இன்னொரு அடுக்கு வைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இது ரோசன்பிளாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1962-ல் வெளியான தன் புத்தகத்திலேயே பல அடுக்கு வலைகளை அலசியிருந்தார். பிழையைப் பின்னோக்கி அனுப்பித் திருத்தும் யோசனையும் அதில் இருந்தது. ஆனால், நடு அடுக்கில் எந்த எடை எவ்வளவு தப்பு என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி அவரிடம் இல்லை. அவருடைய நரம்பணு சுவிட்ச் மாதிரி: ஒன்று ஆன், இல்லையென்றால் ஆஃப். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி படிப்படியாக மாறினால்தான், கொஞ்சம் திருகினால் விடை எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட முடியும்.

நரம்பு வலை ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த ஆதரவு வற்றியது. பழியை அந்த ஒரு புத்தகத்தின் மேல் மட்டும் போடுவது நியாயம் இல்லை. அளவுக்கு மீறிக் கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பு, அன்றைய கம்ப்யூட்டர்களின் போதாமை, பல அடுக்குக்குக் கற்பிக்கும் வழி இல்லாதது என எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஆய்வகத்துக்கு வெளியே

ரோசன்பிளாட் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் இல்லை. இத்தாகாவில் உள்ள கார்னெல் வளாகத்துக்கு வந்த பிறகு, பேச்சை அடையாளம் காணும் ஒரு பெரிய இயந்திரத்தை அவர் குழு கட்டியது. சாகி எழுதிய சிறுகதையில் வரும் பேசும் பூனையின் பெயரான டோபர்மோரியை அதற்கு வைத்தார்கள். 1966-ல் நரம்பியல் மற்றும் நடத்தையியல் பிரிவில் இணைப் பேராசிரியர் ஆனார்.

பழக்கப்படுத்திய எலியின் மூளைச் சாற்றை இன்னொரு எலிக்குச் செலுத்தினால், கற்றதும் கூடவே போகுமா என்ற ஆராய்ச்சியில் சில வருடங்கள் செலவழித்தார். விளைவு இருந்தாலும் அது மிகச் சொற்பம் என்ற முடிவுக்குத்தான் கடைசியில் வந்தார். வானவியலில் தீராத ஆசை. வீட்டுப் பக்கத்திலேயே தொலைநோக்கிக் கூடம் அமைத்தார். வியட்நாம் போரை எதிர்த்துக் களத்தில் நின்றார். 1968-ல் போர் எதிர்ப்பு வேட்பாளர் யூஜின் மெக்கார்த்திக்காகப் பிரச்சாரத்துக்குப் போனார். கடற்படைப் பணத்தில் புகழ்பெற்ற விஞ்ஞானி என்பதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

1971 ஜூலை 11. அவருடைய 43-வது பிறந்தநாள். செசபீக் விரிகுடாவில் நடந்த படகு விபத்தில் அவர் இறந்துபோனார். மின்ஸ்கி, பாப்பர்ட் புத்தகத்தின் மறுபதிப்பு அவர் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.

விடை எங்கிருந்து வந்தது?

தேடிக்கொண்டிருந்த சாவி, அப்போதே ஆராய்ச்சி மாணவர்களின் கைகளில் உருவாகிக்கொண்டிருந்தது. ரோசன்பிளாட் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, ஃபின்லாந்தில் செப்போ லின்னைன்மா தன் முதுகலை ஆய்வேட்டில், பிழையைப் பின்னோக்கிக் கணக்கிடும் கணித முறையை எழுதியிருந்தார். 1974-ல் ஹார்வர்டில் பால் வெர்போஸ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதே வழியில் போனார். இரண்டையும் அன்று பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1986-ல் டேவிட் ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹிண்டன், ரொனால்டு வில்லியம்ஸ் மூவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சுவிட்சுக்குப் பதில் ரெகுலேட்டர், பின்னோக்கித் திருத்தம், பல அடுக்கு. மாடிப்படி விளக்குச் சிக்கல் தீர்ந்தது. அதன் பிறகும் வேகமான சிப்புகளும் மலைபோலத் தரவுகளும் வந்து சேர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு, படங்களை அடையாளம் காணும் போட்டியில் ஹிண்டனின் மாணவர்கள் உருவாக்கிய அலெக்ஸ்நெட் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. ஒருகாலத்தில் முட்டுச்சந்து என்று ஒதுக்கப்பட்ட பாதையே நெடுஞ்சாலை ஆனது.

இன்று சாட்பாட்டுகளை இயக்கும் மொழி மாதிரிகளுக்குள்ளும் பல அடுக்கு பெர்செப்ட்ரான் என்ற பகுதி இருக்கிறது, பெயர்கூட மாறவில்லை. மின் மற்றும் மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ, ரோசன்பிளாட் பெயரில் ஒரு விருது தருகிறது. 2009-ல் அதைப் பெற்றவர் ஜான் ஹாப்ஃபீல்ட், 2014-ல் பெற்றவர் ஹிண்டன். 2024-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களும் இதே இருவர்தான்.

மார்க் 1 இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒயர் பின்னல்கள் தொங்கும் ஒரு பழைய அலமாரி மாதிரித்தான் இருக்கும். 1958-ல் அதைப் பற்றிச் சொன்னவற்றில் பேசுவது, எழுதுவது, பார்ப்பது எல்லாம் இன்று நம் கைப்பேசியிலேயே நடக்கிறது. தான் இருப்பதை இயந்திரம் உணருமா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. அன்றைக்கு ஏறிய எதிர்பார்ப்பும் அதன் பிறகு வந்த வறட்சியும், இன்றைய ஏஐ அறிவிப்புகளைப் படிக்கும்போதும் நினைவில் இருக்க வேண்டியவை.