கல்லும் இலையும் – இராபர்ட் புரூஸ் ஃபூட்



போன மாதம் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். ஒரு மழை பெய்ததும் அந்த மண்ணில் வெளிர் மஞ்சள் கல் ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது. கழுவிப் பார்த்தால் மேலே கறுப்பாகப் பெரணி இலை அச்சு! பாசில் கிடைச்சிருச்சுன்னு வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். நம் ஊர்ப் பக்கம் பாசில் கிடைக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அறிவியல் சார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் சொல்லாமல், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரைப் பற்றிப் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அப்படிப் படித்ததுதான் இது.

ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தவர். 1858இல், 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். ஊர் ஊராகப் போய், எந்த இடத்தில் என்ன பாறை, எந்தப் படிவுக்கு மேல் எந்தப் படிவு என்று வரைபடம் போடுவதுதான் வேலை. அவர் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவலின் மகள். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தாரே, தினவர்த்தமானி பத்திரிகை நடத்தினாரே, அதே பெர்சிவல்தான். தமிழ் சாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

1863 மே 30. பல்லாவரத்தில் பட்டாளத்து அணிவகுப்பு மைதானத்தில் ஒரு சரளைக் குழி. அதில் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். சாதாரண ஆள் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு நடந்திருப்பான். அது குவார்ட்சைட் என்னும் கடினமான கல். படிகம் போல வளர்ந்த வடிவம் அதில் இல்லை. எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து ஓரம் கூராக்கப்பட்டிருந்தது. ஆற்றில் உருண்ட கல் மழுங்கித்தான் இருக்கும். மோதி உடைந்தால் ஓரிடத்தில், ஈரிடத்தில் சில்லு போகும். வரிசையாக இரு பக்கமும் போகுமா? பிரான்சிலும் இங்கிலாந்திலும் இதே மாதிரிக் கற்கள் கிடைத்த செய்தியை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். அதனால் அது மனிதன் செய்த கைக்கோடாரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது அந்தக் கல்லில்தான் தொடங்கியது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த விஷயம். ஒரு கல்லோடு அவர் நிறுத்தவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சக அலுவலரோடு, இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அதிரம்பாக்கத்தில் தேடினார். அங்கே நிறையக் கருவிகள், அதுவும் மண்படிவுக்குள்ளேயே கிடைத்தன. எந்தப் படிவு என்று அவர்கள் குறித்து வைத்த இடத்தில்தான் பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டினார்கள். அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள்.

இனி நம் ஊர்க் கதை. பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வடஆற்காடு பகுதிகளின் நிலவியல் பற்றி ஃபூட் எழுதிய அறிக்கை 1873இல் வந்தது. நம் ஸ்ரீபெரும்புதூர் அதற்குள் இருக்கிறது. இங்குள்ள வெளிர் நிறக் களிமண் பாறைகளில் இலை அச்சுகள் இருக்கின்றன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இவற்றை ஆராய்ந்து ஓட்டகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் நூல் வெளியிட்டார். டைலோபில்லம் என்ற, இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லாத செடியின் இலை அதில் முக்கியமானது. அம்மோனைட் என்ற கடல் உயிரின் சுருள் ஓட்டு அச்சுகளும் இதே படிவுகளில் கிடைத்திருக்கின்றன. அதாவது நம்ம பக்கம் ஒரு காலத்தில் கடல் வந்து போயிருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இவ்வளவும் படித்தபின் லென்ஸ் வைத்து என் கல்லைப் பார்த்தேன். டைலோபில்லம் படத்தில் நடுவில் ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாகச் சிற்றிலைகள். என் கல்லில் நடுக்காம்பு இல்லை, நரம்பும் இல்லை. கிளைகள் இஷ்டத்துக்குப் பிரிந்து போகின்றன. விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியவில்லை. கறுப்பெல்லாம் ஒரு விரிசலின் ஓரத்திலிருந்து கிளம்புகிறது. சாரிடம் சொன்னேன். இது டென்ட்ரைட் என்றார். தண்ணீரில் கரைந்து வந்த மாங்கனீசு விரிசலுக்குள் புகுந்து கிளை கிளையாகப் படிந்தது. வெறும் கனிமம். செடியே கிடையாது. இரண்டு நாள் முகம் தொங்கிப்போச்சு. வகுப்பில் கிண்டல் வேறு.

ஆனால் பாசில் வேறு, கனிமம் வேறு என்று எப்போதும் பிரிக்கவும் முடியாதாம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. மரம் இருந்த இடத்தில் சிலிக்கா என்ற கனிமம் நிரம்பிவிட்டது. பொருள் கனிமம், வடிவம் மரம்!

அடுத்து சார் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கல் எந்த இடத்து மண்? லாரி அண்ணனிடம் போய்க் கேட்டேன். நாலைந்து இடத்தில் மண் எடுத்தோம், எது எங்கே கொட்டினோம்னு யாருக்குத் தெரியும் என்றார். இது நிஜமான பாசிலாகவே இருந்திருந்தாலும் எந்தப் படிவிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. இப்போது நம்மைச் சுற்றிக் கம்பெனிக்கும் மனைக்கும் தினமும் பள்ளம் தோண்டுகிறார்கள், தினமும் மண் இடம் மாறுகிறது.

ஃபூட் 1891இல் ஓய்வு பெற்றார். பிறகு பரோடா சமஸ்தானத்துக்கு நிலவியல் வேலை செய்தார். தான் சேர்த்த கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். எழும்பூரில் இருப்பது அந்தச் சேகரிப்புதான். ஏற்காட்டில் வாழ்ந்த அவர், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். அவர் சேர்த்த கருவிகள் எந்தெந்த ஊரில் கிடைத்தவை என்ற பட்டியல், அவர் இறந்தபின் புத்தகமாக வந்தது.

என் கல் அறிவியல் ஆய்வகத்து அலமாரியில் இருக்கிறது. சார் சீட்டு ஒட்டச் சொன்னார். பெயர்: டென்ட்ரைட். கிடைத்த நாள் எழுதிவிட்டேன். இடம் என்பதற்கு நேராக, லாரி மண் என்று எழுதியிருக்கிறேன்.