கணக்கேட்டில் தொடங்கிய அரசியல்

பணி ஓய்வுக்குப் பின் நான் குடியிருப்பது புளியறையில். செங்கோட்டையைக் கடந்து மேற்கே செல்வோருக்குத் தமிழகத்தின் கடைசி ஊர்களில் இதுவும் ஒன்று. சோதனைச் சாவடியைத் தாண்டினால் சாலை வளைந்து வளைந்து மலையேறி ஆரியங்காவை அடையும். வயல்வெளியைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது அழகான ஊர். இங்கே வசிப்பவர்களுக்கு, ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குச் செல்லும் கனரக லாரிகளின் இரைச்சலோடு விடிகிற ஊர்.

சில மாதங்களுக்கு முன் தெருக்காரர்கள் நால்வர் வீட்டுக்கு வந்தனர். மலைக்கல்லும் மணலும் இவ்வாறு வெளியேறுவது குறித்துக் கிராம சபையில் ஒரு மனு கொடுக்கப்போவதாகவும், பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் அதற்கான கணக்கை நான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டனர். கையொப்பமும் வேண்டும் என்றனர். யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொதுநிதி கற்பித்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கை வெளியானதும் அதன் சாதகங்களைக் கரும்பலகையின் ஒருபுறமும் பாதகங்களை மறுபுறமும் எழுதுவேன். என் கருத்து என்னவென்று மாணவர்கள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். அதுவே ஆசிரியருக்குரிய நடுநிலை என்று நம்பியிருந்தேன். வந்தவர்களை அனுப்பிய அன்றிரவு அந்த நம்பிக்கை என்னை உறங்கவிடவில்லை. அலமாரியிலிருந்து ஜே.சி.குமரப்பாவின் நூலொன்றை எடுத்தேன். என் துறையைச் சேர்ந்த அவர் அரசியலுக்கு வந்த வழியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

குமரப்பா 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். வீட்டில் ஒழுங்கும் இறைப்பற்றும் இருந்தன, வசதியும் இருந்தது. லண்டன் சென்று கணக்கியல் பயின்று, தணிக்கையாளராகத் தகுதி பெற்றார். தாயின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, பம்பாயில் தொழில் நடத்தினார். ஆங்கிலேயரின் உடையும் பழக்கவழக்கங்களும் அவருக்கு இயல்பாகவே இருந்தன. முப்பத்தைந்து வயதுவரை அவருக்கு அரசியல் என்று சொல்லத்தக்க எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

1927இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தபின், கொலம்பியாவில் எட்வின் செலிக்மனிடம் பொதுநிதி பயின்றார். இந்தியா ஏன் வறுமையில் இருக்கிறது என்பது பற்றி அங்கே ஒரு தேவாலயத்தில் உரையாற்றினார். பின்னர் அதே கேள்வியை இந்தியப் பொதுநிதியின் வழியாக ஆராயத் தொடங்கினார். எந்தத் தலைவரின் சொற்பொழிவும் அவரை மாற்றவில்லை. ஒரு தணிக்கையாளர் நிறுவனத்தின் பேரேட்டைப் படிப்பதுபோல அவர் அரசின் வரவு செலவைப் படித்தார். வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்ற இரண்டு கேள்விகள் போதுமானவையாக இருந்தன. ஏழைக் குடியானவரிடம் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி ராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும் கடன் வட்டிக்கும் போனது. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் எஞ்சியது சொற்பம். ஆட்சியின் தயவில் நல்ல வாழ்வு பெற்ற ஒருவர், அதே ஆட்சியின் கணக்கில் தம் மக்களின் வறுமைக்கான காரணத்தைக் கண்டார். கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்து, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைச் சூடிக்கொண்டது இந்தத் திருப்பத்தையொட்டித்தான்.

ஆய்வேட்டை வெளியிட விரும்பி, 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். மேல்நாட்டு உடையில் போனவர், மரத்தடியில் நூற்றுக்கொண்டிருந்த முதியவர்தான் காந்தி என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார். ஆய்வேடு யங் இந்தியா இதழில் தொடராக வெளியாயிற்று. காந்தி அவரிடம் கேட்டதோ வேறொன்று. குஜராத்தில் ஒரு வட்டத்தின் கிராமங்களை நேரில் ஆராய்ந்து தர முடியுமா என்று கேட்டார். குஜராத்தி தெரியாத குமரப்பா, குஜராத் வித்யாபீடத்து மாணவர்களின் துணையோடு கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தில் இறங்கினார். நிலம், கால்நடை, கடன், வருமானம் என வீடு வீடாகக் கணக்கெடுத்தார். நிலவரி குடியானவரின் சக்திக்கு மீறியது என்பதை அந்த ஆய்வு நிறுவியது. நூலகத்தில் பிறந்த கருத்து அங்கேதான் சேற்றில் கால் பதித்தது.

அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் யங் இந்தியாவின் பொறுப்பை ஏற்று, அதில் எழுதியதற்காகச் சிறை சென்றார். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் 1931இல் அமைத்த குழுவில் முக்கியப் பங்காற்றினார். 1934 பிகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதிக் கணக்கு அவர் கையில் இருந்தது. காந்தியுடன் வந்த குழுவினரின் செலவைக்கூட அந்த நிதியிலிருந்து தர மறுத்தார் என்பது அவரைப் பற்றிப் பலரும் நினைவுகூரும் செய்தி. தலைவரிடம் கொண்ட பக்திக்காகக் கணக்கை வளைக்க அவர் தயாராக இல்லை. இந்த ஒரு குணத்துக்காகவே அவரை நம் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம்.

அதே ஆண்டு இறுதியில் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவின் மகன்வாடியில் பணியேற்றார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் போன்றவற்றில் ஆய்வும் பயிற்சியும் நடந்தன. வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் குறித்த தம் முதன்மையான நூலை எழுதினார். இயேசுவின் போதனை பற்றிய நூலும் அங்கே உருவானதுதான். நிலக்கரி, எண்ணெய், உலோகம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம் என்றும், நீரும் மரமும் விளைச்சலும் புதுப்பித்துக்கொண்டே ஓடும் ஓட்டம் என்றும் அவர் பிரித்தார். தேக்கத்தை நம்பிய வாழ்வு போட்டியிலும் வன்முறையிலும் முடியும் என்று எச்சரித்தார். சூழலியல் என்ற சொல் நம் நாளிதழ்களில் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது இது.

விடுதலைக்குப் பின் அவர் பதவி தேடவில்லை. காங்கிரசின் வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, உழுபவருக்கே நிலம் சேர வேண்டும் என்று 1949இல் அறிக்கை அளித்தார். தாம் பாடுபட்டுக் கொண்டுவந்த ஆட்சியையும், பெருந்தொழிலை முன்னிறுத்திய அதன் திட்டங்களையும் தயங்காமல் விமர்சித்தார். இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று காலமானார். அது காந்தியின் நினைவு நாள்.

அவர் சொன்ன அனைத்தையும் நான் ஏற்பவன் அல்லன். இயந்திரத்தின் மீது அவர் கொண்ட ஐயம் சில இடங்களில் மிகை என்றே இன்றும் கருதுகிறேன். கிராமத்தின் சாதிக் கொடுமையைக் கிராமப் பொருளாதாரம் தானாகக் களைந்துவிடாது என்பதும் என் எண்ணம். வீடு கட்டுவோருக்கு ஜல்லி வேண்டும் என்பதையும், லாரி ஓட்டுபவருக்கும் குடும்பம் உண்டு என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால், கணக்கை முடித்த பிறகு விடையைச் சொல்லாமல் இருப்பது நடுநிலை ஆகாது என்பதை அவர் வாழ்வு எனக்கு உணர்த்தியது. நான் இத்தனை ஆண்டுகள் கரும்பலகையின் இரு புறமும் எழுதினேன். அடியில் கூட்டிப் போடவேயில்லை. அரசியல் என்றால் கட்சியும் கொடியும் என்று எண்ணி ஒதுங்கிய என் போன்ற படித்தவர்கள் பலர். யார் தருகிறார், யார் பெறுகிறார், நாளை எஞ்சுவது என்ன என்று கேட்பதே அரசியலின் தொடக்கம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களும் மாணவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

எங்கள் ஊர் வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலைதான் மறுபுறம் தென்காசி, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாகத் தே.கல்லுப்பட்டியையும் கடந்து திருமங்கலம் போகிறது. குமரப்பா கடைசியாக வாழ்ந்த ஊரும் நான் வாழும் ஊரும் ஒரே சாலையில் இருப்பதை இத்தனை நாள் நான் கவனித்ததில்லை.

மறுநாள் காலை அந்த நால்வரையும் தேடிப்போனேன். கையொப்பம் இடுவதற்கு முன் கணக்கைச் சரியாக எடுப்போம் என்றேன். ஒரு வாரம், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, தேநீர்க் கடை பெஞ்சில் முறைவைத்து உட்கார்ந்து லாரிகளை எண்ணிக் குறித்தோம். அனுமதி பெற்றவை எவை, பாரம் எவ்வளவு, கனிமத்துக்கான கட்டணத்தில் ஊராட்சிக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று அரசிடம் கேட்பதற்கான கேள்விகளையும் எழுதினோம். கிராம சபையில் அந்தத் தாளை நானே படித்தேன். அறுபது வயதைக் கடந்தவனின் குரல் நடுங்கத்தான் செய்தது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபைக்கும் போவேன்.