ஊசி முனையில் ஓர் உயிர்

உம்மா பூவேலை செய்யும்போது ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. பூவேலைக்கும் சத்திரசிகிச்சைக்கும் தொடர்புண்டு என்பதை அலெக்சிஸ் காரெலின் வாழ்க்கையை வாசித்தபோதுதான் அறிந்தேன்.

1873இல் பிரான்சின் லியோன் நகருக்கு அருகே பிறந்த காரெல், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர் மருத்துவம் பயின்றார். 1894இல் லியோனுக்கு வந்த ஜனாதிபதி சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குச் செல்லும் பெரிய நாளம் காயப்பட்டிருந்தது. அதைத் தைக்க வைத்தியர்களுக்கு வழி தெரியவில்லை. ஜனாதிபதி இறந்தார்.

அது இளம் காரெலை உறுத்தியது. பூவேலை செய்யும் பெண்ணொருவரிடம் சென்று, மெல்லிய ஊசியையும் பட்டுநூலையும் கையாளப் பழகினார். 1902இல் தம் முறையை வெளியிட்டார். குருதிக்கலனின் வட்ட விளிம்பை மூன்று தையல்களால் இழுத்து முக்கோணமாக்கினால், ஒவ்வொரு பக்கத்தையும் நேராகத் தைக்கலாம். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1944இல் காலமானார்.

வயிற்றினுள் மண்ணீரலுக்குச் செல்லும் நாடியில் அரிதாக வீக்கம் ஏற்படும். கர்ப்பிணித் தாய்க்கு அது வெடித்தால் தாய், சேய் இரு உயிர்களுக்கும் ஆபத்து. வீங்கிய பகுதியை வெட்டி அகற்றி, இரு முனைகளையும் இணைத்துத் தைப்பது அதற்கான சத்திரசிகிச்சைகளுள் ஒன்று. அதன் அடிப்படை காரெல் பழகிய அந்தத் தையலே.

மனிதரைத் தரம் பிரித்த அவரது பிற்காலக் கருத்துகளை என்னால் ஏற்க முடியாது. ஆனால், ஒரு தையற்காரியிடம் மாணவராக அமர்ந்த அவரது பணிவு எனக்குப் பாடம். நானும் நூல் கோத்துக் கொடுப்பதோடு நிற்காமல், உம்மாவிடம் தைக்கப் பழகத் தொடங்கியிருக்கிறேன்.