நின்ற ஓட்டமும் நில்லாத நெஞ்சும்

ஓட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் மில்கா சிங்கும் பி.டி. உஷாவும். நான் எழுத எடுத்துக்கொண்டவரோ ஓர் அச்சகத் தொழிலாளி. பெயர் கிளாரன்ஸ் டிமார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1897 ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தான் ஓட்டத்தில் ஏழு முறை முதலாவதாக வந்தவர். ஓட்டப் பிரிவில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை வேறு எவரும் எட்டவில்லை. அந்த ஏழில் ஆறு வெற்றிகள், அவர் போட்டிகளை விட்டு விலகிப் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு வந்தவை. இக்கட்டுரைக்குக் காரணமே அதுதான்.

1888 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தார். எட்டு வயதில் தந்தை இறந்தார். ஊசி, நூல், சோப்பு இவற்றைச் சுமந்து மைல் கணக்கில் நடந்து விற்றுத் தாய்க்கு உதவினான் அச்சிறுவன். (நூலை நம்பிப் பிழைத்த குடும்பம் என்ற வகையில் எங்கள் ஆரணிக்கும் அவருக்கும் உறவு உண்டு என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.) பிறகு குடும்பம் மாஸசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பாஸ்டன் துறைமுகத் தீவு ஒன்றில் ஏழைச் சிறுவர்களுக்காக நடந்த பண்ணைப் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். வளர்ந்தபின் வெர்மான்ட் பல்கலைக் கழகத்தில் வேலை செய்துகொண்டே படித்தார். ஓட்டம் அங்கேதான் பிடிபட்டது. ஆனால் வீட்டு வறுமை அழைக்கவே படிப்பைப் பாதியில் விட்டு அச்சுக்கோக்கும் வேலைக்கு வந்தார்.

1910 இல் பாஸ்டன் ஓட்டத்தில் இரண்டாமிடம். மறு ஆண்டு ஓடுவதற்கு முன் நடந்த மருத்துவச் சோதனையில் அவர் இதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்டது. களைப்புத் தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும், இனிமேல் ஓடவும் கூடாது என்று மருத்துவர்கள் கூறினர். அன்றைய ஓட்டத்தில் அவர்தான் முதல்வர். அதுவரை இருந்த சாதனையையும் முறியடித்தார்! 1912 இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது. அதே மாரத்தானில் ஓடிய போர்ச்சுகல் வீரர் லாசரோ வெயிலில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். அதன்பின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் டிமார் பெரிய போட்டிகள் பக்கம் வரவில்லை. பகலில் அச்சகம், மாலையில் படிப்பு, ஞாயிறுதோறும் தேவாலயப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் என்று அவர் நாட்கள் சென்றன. 1915 இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் பட்டம் ஒன்றையும் பெற்றார். ஆகவே அந்த ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று நான் சொல்லமாட்டேன்.

இங்கே என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் நான் 1500 மீட்டர் ஓடியவன். பத்தாம் வகுப்பில் ஒரு மருத்துவ முகாமில் என் நெஞ்சிலும் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். என் அம்மா அன்றே என் ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். பிறகு நான்கு ஆண்டுகள் பள்ளி, கல்லூரி, மாலையில் அப்பாவின் தறி. சென்ற ஆண்டு எக்கோ பரிசோதனை செய்து பார்த்தபோது, வால்வுகளில் பழுதில்லை, அது தீங்கற்ற சத்தம், ஓடலாம் என்றார் மருத்துவர். சிறுவர் பலருக்கு இத்தகைய சத்தம் இருப்பதுண்டாம். 1911 இல் எக்கோ ஏது? காதுக்குழல் ஒன்றுதான் இருந்தது. எனவே டிமாரின் மருத்துவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கேட்டதைச் சொன்னார்கள், அதற்குமேல் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை.

இப்போது 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பயிற்சி செய்கிறேன். தறியில் மிதி மிதிக்கும் கால் வேறு, ஓடும் கால் வேறு. முதல் நாள் எங்கள் தெருவிலிருந்து கமண்டல நாகநதிப் பாலம் வருவதற்குள் மூச்சு முட்டியது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடுகிறது. எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் வேண்டும். அதனால் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறேன். பயிற்சிக்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு டிமார்தான் விடை. அவர் வீட்டிலிருந்து அச்சகத்துக்கு ஓடியே போனார், ஓடியே திரும்பினார். பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்க அத்தொழிலாளியால் இயலாது. வேலைக்குப் போகும் சாலையே அவருக்கு மைதானமாயிற்று. நானும் நெய்து முடித்த சேலையை முதலாளி வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது நடந்து போகிறேன். பட்டில் வியர்வை படக்கூடாது அல்லவா? திரும்பி வரும் வழியெல்லாம் ஓட்டம்தான்.

டிமார் 1917 இல் திரும்ப வந்து பாஸ்டனில் மூன்றாவதாக ஓடினார். பிறகு முதல் உலகப் போர், படைப்பணி. 1922 இல், முதல் வெற்றிக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 33 வயதில், 2 மணி 18 நிமிடம் 10 விநாடியில் மீண்டும் முதலிடம். (அன்றைய பாஸ்டன் பாதை இன்றைய 42 கிலோமீட்டரை விடக் குறைவு, ஏறத்தாழ 39 தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) 1923, 1924, 1927, 1928, 1930 என்று வெற்றிகள் தொடர்ந்தன. கடைசி வெற்றியின்போது வயது 41. ஆண்கள் ஓட்டப் பிரிவில் அந்த வயதில் பாஸ்டனில் வென்றவர் வேறு எவரும் இல்லை. 1924 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம். அங்கே தங்கம் வென்ற பின்லாந்து வீரர் ஸ்டென்ரூஸும் மாரத்தானைப் பல்லாண்டு விட்டிருந்து திரும்பியவரே என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவருக்கு அப்போது வயது 35.

டிமார் சாதுவானவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஓடும்போது குறுக்கே வந்து தொல்லை கொடுத்தவர்களைக் கையால் குத்தியும் விடுவாராம்! பின்னாளில் கீன் நகர ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தார்; முதுகலைப் பட்டமும் பெற்றார்; 1937 இல் தன் ஓட்டக் கதையை நூலாக எழுதினார். 1954 இல் 65 வயதிலும் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தார்.

1958 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் நாள் அவர் காலமானார். காரணம் இதயம் அன்று, புற்றுநோய். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மருத்துவம் பார்த்த இதய நிபுணர் பால் டட்லி ஒயிட்டும் அவருடன் பணியாற்றிய ஒரு மருத்துவரும் டிமாரின் இதயத்தை ஆராய்ந்து 1961 இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினர். ஓடக்கூடாது என்று 1911 இல் தடுக்கப்பட்ட அந்த இதயத்தின் இரத்தக் குழாய்கள், மற்றவர்களுடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. வயதுக்கேற்ற கொழுப்புப் படிவு கொஞ்சம் இருந்தும் இரத்தம் தடையின்றிச் செல்ல அவற்றில் இடம் இருந்தது.