மறுமொழி பெறாத மடல்: அர்குலா ஃபான் கிரும்பாக்

பவேரியாவின் உயர்குடிகளுள் ஒன்றான ஸ்டௌஃப் குடியில் 1492ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அர்குலா. பத்தாம் வயதில் தந்தை இவருக்கு ஜெர்மன் மொழி விவிலியம் ஒன்றைப் பரிசளித்தார். அதனைப் படித்தால் நெறி பிறழ நேரும் எனப் பிரான்சிஸ்கத் துறவியர் தடுத்தமையால் அந்நூல் அப்போது படிக்கப்படவில்லை. மியூனிக் அரண்மனையில் பேரரசர் மாக்சிமிலியனின் தங்கை குனிகுண்டேயின் பணிமகளாக இருந்த காலத்தில், 1509இல், பெற்றோர் இருவரும் கொள்ளைநோய்க்கு இரையாயினர். காப்பாளரான தந்தையின் உடன்பிறந்தார் 1516இல் அரசியல் பூசலில் கொலைத்தண்டனை பெற்றார். அவ்வாண்டையொட்டி அர்குலா, ஃபிரீட்ரிக் ஃபான் கிரும்பாக்கை மணந்தார். நான்கு மக்களுக்குத் தாயானார்.

லூதரின் கொள்கைகளைப் பவேரியக் கோமகன்கள் 1522இல் தடை செய்தனர். மறு ஆண்டு, விட்டன்பர்க்கில் பயின்றுவந்த அர்சாசியுஸ் சீஹோஃபர் என்னும் பதினெட்டு வயது இளைஞரை இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகம் சிறைப்படுத்தியது. தம் கருத்துகளைக் கைவிடுவதாகப் பொதுவில் உறுதிகூறச் செய்து, எட்டால் மடாலயத்துக்கு அனுப்பியது. ஆண்கள் எவரும் வாய் திறவாத நிலையில், 1523 செப்டம்பர் 20 அன்று அர்குலா அப்பல்கலைக்கழகத்துக்கு மடல் வரைந்தார். சிறையும் நெருப்பும் வாதமாகா. இளைஞர் கூறியதில் பிழை யாது என மறைநூல்வழி நிறுவுக என்பது அதன் சாரம். பெண்கள் சபையில் பேசலாகாது என்ற பவுலின் கட்டளையை அவர் அறியாதவரல்லர், அறிந்தே எழுதினார்.

இம்மடலை ஒரு பெண்ணின் துணிவுக்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. தமக்கு இலத்தீன் தெரியாது, அறிஞர்களுக்கோ ஜெர்மன் தெரியும் ஆதலின், ஜெர்மன் மொழியிலேயே சொற்போர் நிகழட்டும் என்றார் அவர். எந்த மொழியில் வழக்காடுவது என்பதே யார் வழக்காடலாம் என்பதைத் தீர்மானித்த காலம் அது. அச்சேறிய மடல் இரண்டு மாதங்களுக்குள் பதினான்கு பதிப்புகள் கண்டது. பல்கலைக்கழகத்திலிருந்து மறுமொழி வரவில்லை. மாறாக, பழைய சமயத்திலேயே நின்ற கணவர் டீட்ஃபுர்ட்டில் வகித்த ஆட்சிப் பதவியை இழந்தார். குற்றம் மனைவியுடையது, தண்டம் கணவருக்கு! 1524இல் புனைபெயரில் ஒருவர் வசைப்பாட்டு வெளியிட, அர்குலா செய்யுளிலேயே விடை இறுத்தார். அவ்வாண்டுக்குப் பின் அவர் எழுத்து அச்சேறவில்லை. மடல் எழுதுதல் நிற்கவில்லை.

1530இல் கோபுர்க் கோட்டையில் லூதரை நேரில் கண்டார். அவ்வாண்டே கணவர் மறைந்தார். 1533இல் செய்த மறுமணமும் ஈராண்டுகளில் கைம்மையில் முடிந்தது. நான்கு மக்களுள் மூவரின் இறப்பையும் காண நேர்ந்தது. கோட்ஃபிரீட் ஒருவரே தாய்க்குப் பின்னும் வாழ்ந்தார்.