மலைமகன் ஜெய்பால் சிங்

கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் பேருந்து வளைந்து வளைந்து கல்வராயன் மலைமீது ஏறுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். வெள்ளிமலையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் நம் பள்ளியில் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் அவர்களை வெல்வது எளிதன்று! அவர்களைப் போலவே மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில், பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த ஒருவர்தாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்கு முதன்முதல் தலைவராக அமர்ந்தவர். அவர் பெயர் ஜெய்பால் சிங் முண்டா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்துக் குந்தி வட்டாரத்தில், தக்ரா என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். இளமைப் பெயர் பிரமோத் பாகன். மாடு மேய்த்துத் திரிந்த அச்சிறுவன் ராஞ்சி நகரத்துத் தூய பவுல் பள்ளியில் சேர்ந்தான். பள்ளித் தலைவராக இருந்த காஸ்கிரேவ் என்னும் ஆங்கிலிக்கன் குரு, அவனுடைய அறிவுக் கூர்மையைக் கண்டு 1918இல் இங்கிலாந்துக்கே அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஜெய்பால் பொருளாதாரம் பயின்றார். ஹாக்கியில் அவர் பின்னணிக் காப்பாளர். எதிரியின் மட்டையில் உள்ள பந்தைத் தவறிழைக்காமல் பறிப்பதில் வல்லவர். சிறந்த ஆட்டக்காரர்க்கு அப்பல்கலைக்கழகம் வழங்கும் ‘புளூ’ என்னும் சிறப்பையும் பெற்றார்.

அடுத்து ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இங்கிலாந்திலேயே பயிற்சி பெற்று வந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் அதைவிடப் பெரிய பதவியை ஓர் இந்தியர் கனவு காண்பதும் அரிது. அந்நேரத்தில்தான் 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. விடுமுறை கேட்டார், கிடைக்கவில்லை. விடுமுறை இல்லாமலே புறப்பட்டுவிட்டார்! ஹாக்கி அந்நாளில் சம்பளம் தரும் தொழிலன்று. வென்றாலும் கைக்கு ஒரு காசு வராது. நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து அணி கப்பலேறியபோது பம்பாய்த் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூவரே. அந்த அணிதான் ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளை வென்று, மே 26ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை 3-0 என முறியடித்துத் தங்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். அவற்றுள் தியான் சந்த் மட்டும் அடித்தவை 14. எதிரிகள் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. ஆயினும் இறுதி ஆட்டத்திற்கு முன்பே ஜெய்பால் அணியை விட்டு விலகியிருந்தார். அன்று தலைமை தாங்கியவர் பின்னிகர். இவ்வளவு இழந்து சென்றவர் வெற்றி நாளன்று களத்தில் இல்லை என்பதைப் படிக்கும்போது நமக்கே மனம் கனக்கிறது.

திரும்பியதும், அனுமதியின்றிச் சென்றதற்காக மேலும் ஓராண்டு பயிற்சி பெற வேண்டும் என்றனர். அவர் இணங்காமல் அப்பதவியையே உதறிவிட்டு, கல்கத்தாவில் பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார். மோகன் பகான் சங்கத்தில் ஹாக்கி அணி தோன்றவும் உதவினார். பின்பு ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில், அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். மக்கள் அவரைப் பெருந்தலைவர் என்னும் பொருளில் ‘மராங் கோம்கே’ என்று அழைத்தனர். அரசியல் நிர்ணய சபையில் 1946 டிசம்பர் 19 அன்று அவர் பேசிய பேச்சு புகழ் வாய்ந்தது. தம்மைக் காட்டுவாசி என்றே பெருமையுடன் கூறிக்கொண்டார். மக்களாட்சியைப் பழங்குடியினருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர் கற்க வேண்டும் என்றார். அச்சபையில் ஆண்கள் மிகுந்துவிட்டனர், பெண்கள் இன்னும் வேண்டும் என்றும் கேட்டார். மாணவியராகிய நாம் இதை மறக்கலாகாது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பழங்குடியினருக்குச் சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் தனி இடங்களை ஒதுக்கியது. அவ்வாறு அட்டவணையில் இடம்பெற்ற இனங்களுள் கல்வராயன் மலையில் வாழும் மலையாளி இனமும் ஒன்று. நம் மலைகளை ஜெய்பால் பேசிய சபையோடு இணைக்கும் நூல் அதுவே.

1952 முதல் இறக்கும் வரை மக்களவை உறுப்பினராக இருந்தார். தனி மாநிலம் வேண்டும் என்பது அவர் தொடங்கிய ஜார்க்கண்ட் கட்சியின் கோரிக்கை. அக்கட்சியை 1963இல் காங்கிரசுடன் அவர் இணைத்தது தொண்டர் பலரை வருத்தியது. அது பிழை என்றே நமக்கும் தோன்றுகிறது. 1970 மார்ச் 20 அன்று டெல்லியில் காலமானார். அவர் கேட்ட மாநிலம் 2000 நவம்பர் 15 அன்றுதான் பிறந்தது.

அவர் பிறந்த குந்தி மாவட்டத்தைச் சேர்ந்த நிக்கி பிரதான் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் ஹாக்கி அணியில் ஆடினார். 2021இல் டோக்கியோவில் நம் மகளிர் நான்காம் இடம் பெற்றபோதும் அவர் அணியில் இருந்தார். அருகிலுள்ள சிம்டேகா மாவட்டத்துப் பெண் சலீமா டேட்டேயும் அன்று அவருடன் ஆடினார்.