சைட்டேஷன் ஆயிரக்கணக்கில், வேலை நிரந்தரம் இல்லை: யார் இந்த சுப்பாராவ்?

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி வந்து, ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். அங்கே படித்த ஒருவரின் 1925-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை, உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று. அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு மருத்துவம். காந்தி சொன்னாரே என்று கதர் அங்கியோடு போக, அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு எரிச்சல். கடைசியில் கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். அல்ல, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். உடன்பிறந்த இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் அடுத்தடுத்து கொண்டுபோனது. அவரையும் அது விடவில்லை, ஆனால் பிழைத்துக்கொண்டார்.

1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனார். கையில் காசில்லை. ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அந்தக் கட்டுரையில் அப்படி என்ன இருந்தது?

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் எளிய வழி. மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும்; நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அவ்வளவுதான் விஷயம். ஆனா அதைப் பயன்படுத்தாத லேப் அந்தக் காலத்தில் குறைவு. பயன்படுத்தியவர்கள் எல்லாம் ஃபிஸ்க்-சுப்பாராவ் என்று குறிப்பிட, சைட்டேஷன் ஆயிரக்கணக்கில் ஏறியது. பெரிய தத்துவங்களைவிட கைக்கு உதவும் முறைகளுக்கே மேற்கோள் அதிகம் சேரும் என்பது ஆய்வுலகத்தில் இன்றும் உள்ள நடப்பு.

அதே அளவீட்டை வைத்துத்தான் தசையில் பாஸ்போகிரியேட்டினை 1927-ல் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி.; ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டு கண்டறிந்தார். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அந்தச் செலவுக்கான நாணயம் இந்த ஏ.டி.பி.தான். மூளை ஆய்வாளர் யாராக இருந்தாலும் இதைத் தொடாமல் போக முடியாது. ஆனால் பாடப்புத்தகத்துக்குப் போய்விட்ட கண்டுபிடிப்பை யாரும் மேற்கோள் காட்டுவதில்லையே!

ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. அவருடைய சில கண்டுபிடிப்புகளை ஃபிஸ்க் வெளியே வரவிடவில்லை என்று, அங்கே கூட இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்பாடு சொன்னார். 1988-ல் நோபல் வாங்கியவர் அவர். சும்மா சொல்லியிருக்க மாட்டார்.

1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவர் தலைமையில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது. யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அங்கிருந்தே வந்தது. அங்கே தயாரான அமினோப்டெரினைக் கொடுத்து, ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிகக் குணம் கிடைத்ததாக சிட்னி ஃபார்பர் குழு 1948-ல் வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் பெயர் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் இறந்தார். வயது 53. அதுவரை அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கியிருக்கவில்லை.